காரைக்குடியிலிருந்து வேலைப் பயணம்: தாய்ப்பாலைக் கொண்டுவருவதா, கொட்டுவதா, குழந்தையைக் கூட்டிப்போவதா?

கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வேலை விஷயமாக வெளியூர் போகிற தாய்க்கு வழி நான்கு. பீய்ச்சிய பாலைக் குளிரில் வைத்துக் கையோடு கொண்டுவரலாம். உறையவைத்துக் கொண்டுவரலாம். போன இடத்தில் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, முன்பே சேர்த்துவைத்த பாலை வீட்டில் கொடுக்கச் சொல்லலாம். அல்லது குழந்தையையும், பார்த்துக்கொள்ள ஒருவரையும் கூடவே அழைத்துப் போகலாம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்திலிருந்து மதுரைக்கும் திருச்சிக்கும் சென்னைக்கும் போய்வருகிறவர்களுக்கு எது எப்போது பொருந்தும் என்று பார்ப்போம்.

பெரும்பாலோர் எந்த பம்ப் வாங்குவது என்பதில் தொடங்குகிறார்கள். அது இரண்டாவது கேள்வி. உருகிப்போன ஐஸ் பேக்கை வழியில் எங்கே மறுபடி கல்லாக்க முடியும் என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு விடை இருந்தால் பால் கெடாமல் வீடு வந்து சேரும். இல்லையென்றால் எவ்வளவு விலையுள்ள பம்ப் வாங்கினாலும் பால் பாதி வழியில் வெதுவெதுப்பாகிவிடும்.

முதலில் கணக்கு

தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை, ஒன்று முதல் ஆறு மாதம் வரை, நாளுக்குச் சராசரியாக 750 மி.லி. அளவில் குடிக்கும். மாதம் ஏற ஏற இந்த அளவு பெரிதாக ஏறுவதில்லை. ஆகவே தாய் வெளியே இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 30 மி.லி. என்று வைத்துக்கொண்டால் போதும். 12 மணி நேரத்துக்கு 360 மி.லி., ஒன்றரை நாளுக்கு 1,080 மி.லி. பீய்ச்ச வேண்டியதும் அதே வேகத்தில்தான். மூன்று மணிக்கு ஒருமுறை, மிஞ்சிப்போனால் நான்கு மணிக்கு ஒருமுறை. தள்ளிப்போட்டால் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகும். ஓரிடம் மட்டும் சிவந்து, தொட்டால் வலித்து, குளிர்காய்ச்சலும் வந்தால் அது தொற்றாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் போகவேண்டும். தேங்கும் பால் சுரப்பையும் குறைக்கும் என்பதால், இரண்டு நாள் சமாளித்துவிடலாம் என்று விடுகிறவர்களுக்கு ஊர் திரும்பிய பிறகுதான் அதன் பலன் தெரியும்.

கெடாமல் இருக்கும் நேரத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவுகள் இவை: 25 டிகிரி வரையுள்ள அறையில் 4 மணி நேரம், ஐஸ் பேக்குடன் மூடிய பெட்டியில் 24 மணி நேரம், 4 டிகிரி ஃப்ரிட்ஜில் 4 நாள், மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் 6 மாதம். இதில் "25 டிகிரி வரையுள்ள அறை" என்பதைக் கவனியுங்கள். சித்திரை, வைகாசியில் நம் பக்கம் வெளியே 38, 40 டிகிரி. அந்த 4 மணி நேரம் நமக்கு எழுதியதல்ல. பீய்ச்சிய கையோடு குளிரில் போய்விட வேண்டும் என்றே திட்டமிடுங்கள்.

ஈர மணலில் பதித்த மண்பானைக்குள் வைக்கலாமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். பானை நீர் ஆவியாவதால் குளிர்கிறது. காற்றில் ஈரப்பதம் இருக்கும்போது ஓரளவுக்குக் கீழே அது இறங்காது, 4 டிகிரி பக்கமே வராது. குடிக்கிற தண்ணீருக்குப் பானை அருமையானது, பாலுக்கு உதவாது.

மதுரை, திருச்சி: காலையில் போய் மாலையில் திரும்புவது

இதில் யோசிக்க அதிகமில்லை, பாலைக் கொண்டுவருவதே சரி. இரண்டு ஊரும் சாலையில் இரண்டு மணி நேர தூரம். காலை ஏழுக்குக் கிளம்பி இரவு ஏழுக்குத் திரும்பினால் பத்து, ஒன்று, நான்கு மணிக்கு மூன்று முறை பீய்ச்சினால் போதும். கிளம்பும் முன் ஒருமுறை நேரடியாகக் கொடுத்துவிட்டு, திரும்பியதும் மறுபடி கொடுங்கள். வீட்டில் முந்தைய நாள் காலையே போட்டு முழுதாக உறைந்த ஐஸ் பேக் மாலை வரை தாங்கும், வழியில் உறையவைக்கும் அவசியமே வராது.

இடம்தான் பிரச்சினை. 2015 ஆகஸ்டில் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. அவை நேரடியாகப் பால் கொடுக்க நினைத்துக் கட்டியவை. பம்புக்குப் பிளக் பாயிண்ட் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பேட்டரியில் ஓடும் பம்போ கைப்பம்போ இருந்தால்தான் அந்த அறை பயன்படும். வேலை நடக்கும் அலுவலகத்தில் முந்தைய நாளே கேட்டு, உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய ஓர் அறையை 20 நிமிடத்துக்கு உறுதி செய்துகொள்ளுங்கள். 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை என்று வகுத்தது. அலுவல் பயணத்தில் இருக்கும்போதும் அதை எடுத்துச்சொல்லிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சென்னை, ஒரே நாளில்: பல்லவன் ரயில்

விடியற்காலை காரைக்குடியில் ஏறினால் நண்பகல் வாக்கில் எழும்பூர். மாலை நான்குக்குச் சற்று முன்பே திரும்பும் வண்டி கிளம்பி, இரவு பத்தரை வாக்கில் காரைக்குடி வந்து சேரும். வீட்டிலிருந்து வீட்டுக்கு 18 மணி நேரம். ஐந்து முறை பீய்ச்ச வேண்டும், கையில் ஏறக்குறைய 550 மி.லி. சேரும். வேலைக்குக் கிடைப்பதோ மூன்றரை மணி நேரம். கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற வேலைக்கு இது சரிப்படும், கூட்டத்தில் உட்கார வேண்டிய வேலைக்குச் சரிப்படாது.

இந்தப் பயணத்தில்தான் பெட்டியின் தரம் தெரியவரும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். 150 மி.லி. பால் உடல் சூட்டிலிருந்து 4 டிகிரிக்கு இறங்க 60 கிராம் ஐஸ் உருகினால் போதும். ஐந்து முறையும் சேரும் 550 மி.லி.க்கு ஏறக்குறைய 220 கிராம்தான். அப்படியானால் மீதி ஐஸ் எங்கே போகிறது? பெட்டியின் சுவர் வழியே உள்ளே வரும் சூட்டுக்குப் போகிறது. அலுமினியத்தாள் ஒட்டிய மெல்லிய துணிப்பைக்கு ஒரு சென்டிமீட்டர் நுரைச்சுவர்தான். நான்கு சென்டிமீட்டர் பஃப் (பாலியூரிதேன் நுரை) சுவர் உள்ள கெட்டிப் பெட்டியோடு ஒப்பிட்டால் அதில் ஐஸ் மூன்று மடங்குக்கு மேல் வேகமாக உருகும். பம்புடன் இலவசமாக வரும் கூலர் பை மதுரைக்குப் போய்வரப் போதும், சென்னைக்குப் போதாது.

சென்னைக்கு நாங்கள் சொல்வது தடுப்பூசி கேரியர் வகைப் பெட்டி. கிராமச் செவிலியர் தோளில் மாட்டிக்கொண்டு வருவாரே, நான்கு பக்கமும் ஐஸ் பேக் நிற்கும் பெட்டி, அதேதான். கொஞ்சம் அசிங்கமாக இருக்கும், கனக்கும், ஆனால் வேலையைச் சரியாகச் செய்யும். தடுப்பூசி உறையக்கூடாது என்பதால் செவிலியர்கள் ஐஸ் பேக்கைச் சற்று உருகவிட்டு, குலுக்கினால் தண்ணீர்ச் சத்தம் கேட்ட பிறகே உள்ளே வைப்பார்கள். பாலுக்கு அந்தக் கவலையில்லை, கல்லாக இருப்பதையே வைக்கலாம். பேக் முழுதாக உறைய 24 மணி நேரம் வேண்டும். முந்தைய நாள் காலையிலேயே ஃப்ரீசரில் போடாமல் இரவு போட்டால் வெளிப்புறம் மட்டும் கெட்டியாகி நடுவில் தண்ணீர் இருக்கும். பெட்டியில் ஏற்படும் கோளாறில் பாதிக்கு இதுதான் காரணம்.

பையை அடுக்குவதிலும் ஒரு முறை உண்டு. புதிதாகப் பீய்ச்சிய சூடான பால் பை ஐஸ் பேக்கை ஒட்டி நிற்கட்டும், ஏற்கெனவே குளிர்ந்தவை மறுபக்கம். சூடான பாலைக் குளிர்ந்த பால் மேல் நேரடியாக ஊற்றாதீர்கள். இரண்டும் குளிர்ந்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம். காலியிடம் இருந்தால் துண்டைச் சுருட்டி அடையுங்கள், திறக்கும்போதெல்லாம் உள்ளே புகும் சூடான காற்று குறையும். அதே பெட்டியில் தயிர்சாதமும் தண்ணீர் பாட்டிலும் வைத்தால் பத்து தடவை திறக்க நேரிடும். சாப்பாட்டுக்குத் தனிப் பை எடுத்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் உட்காரும் பெட்டியில் திரை கிடையாது. ஜன்னலோர இருக்கையில் பெரிய துப்பட்டாவோ பாலூட்டும் மேல்துணியோ போர்த்திக்கொண்டு பீய்ச்சுவதுதான் வழி. தண்டவாளச் சத்தத்தில் பம்ப் ஓடுவது அடுத்த இருக்கைக்குக்கூடக் கேட்காது. கழிவறைக்குப் போகாதீர்கள். கூச்சத்துக்கு அது மருந்தாகலாம், பாலுக்கு அது இடமில்லை. ரயில் பெட்டியில் உள்ள பிளக் 110 வோல்ட். பம்ப் அடாப்டரில் "100–240V" என்று அச்சிட்டிருந்தால் ஓடும், 220 மட்டும் போட்டிருந்தால் ஓடாது. கிளம்பும் முன் படித்துப் பாருங்கள்.

சென்னை, ஓர் இரவு தங்கி

ராமேஸ்வரம் பக்கமிருந்து வரும் இரவு ரயிலில் ஏறி, மறுநாள் வேலை முடித்து, அன்றிரவே திரும்பினால் அறை எடுக்கும் செலவில்லை. ஆனால் 36 மணி நேரத்துக்கு ஐஸ் தாங்க வேண்டும். இங்கேதான் முதல் கேள்வி முழு வலுவோடு வருகிறது. பகல் முழுக்க நீங்கள் இருக்கப்போகும் அலுவலகத்தில் ஃப்ரீசர் உண்டா? இருந்தால் காலை ஒன்பதுக்கு ஐஸ் பேக்குகளை அதில் போட்டு, பாலை ஃப்ரிட்ஜில் வைத்து, மாலை இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். ஒன்பது மணி நேரத்தில் பேக் முழுதாக உறையாது, ஆனாலும் இரவு ரயிலுக்குப் போதும். உஷார் வேண்டுமென்றால் ஒரு ஜோடி கூடுதல் பேக்கை இரண்டு நாள் முன்பே சென்னையில் உறவினர் வீட்டு ஃப்ரீசரில் போட்டுவைக்கச் சொல்லலாம். பலரும் நினைத்துப் பார்க்காத, ஆனால் மிகவும் நம்பகமான ஏற்பாடு அதுதான்.

தங்கும் விடுதி மினி ஃப்ரிட்ஜை நம்பாதீர்கள். பல விடுதிகளில் இருப்பது கம்ப்ரெசர் இல்லாத வகை. பானம் குளிர்ச்சியாக இருக்க அது போதும், 4 டிகிரிக்கு இறங்காது, ஐஸ் பேக்கை உறையவைக்கவே முடியாது. அதைவிட மோசம், கதவருகே சாவி அட்டையைச் செருகினால்தான் அறைக்கு மின்சாரம் என்ற ஏற்பாடு. அட்டையை எடுத்துக்கொண்டு காலை வெளியே போனால் பல இடங்களில் ஃப்ரிட்ஜும் சேர்ந்து அணைந்துவிடும். சின்ன தெர்மாமீட்டர் ஒன்றை இரவே உள்ளே வைத்துப் பாருங்கள். 4 டிகிரிக்கு மேல் காட்டினால் வரவேற்பில் சொல்லி, சமையலறை ஃப்ரீசரில் ஐஸ் பேக்குகளை வைக்கக் கேளுங்கள். மூடிய டப்பாவில், மேலே பெயரும் அறை எண்ணும் எழுதிக் கொடுக்க வேண்டும். பால் அறையிலேயே பெட்டிக்குள் இருக்கட்டும். சமையலறைக்குப் போகவேண்டியது ஐஸ் மட்டும்.

இரவு ரயிலா, ஆம்னி பஸ்ஸா? பீய்ச்சுவதற்கு மட்டும் பார்த்தால் ஒற்றைப் படுக்கை உள்ள ஸ்லீப்பர் பஸ்தான் நல்லது, திரையை இழுத்துக்கொண்டால் தனி அறை. ரயிலில் அந்த வசதி இரண்டடுக்கு ஏசியில்தான், மூன்றடுக்கில் திரை கிடையாது. ஆனால் பஸ் குலுக்கலில் பாட்டிலிலிருந்து பைக்கு மாற்றும்போது சிந்தும், நினைத்த நேரத்தில் கழிவறையும் கிடையாது. ரயிலில் இரவு 11 முதல் காலை 5 வரை சார்ஜ் பாயிண்ட்டுக்கு மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். பம்ப்பை ஏறும் முன்பே முழுதாக சார்ஜ் செய்துகொள்ளுங்கள். நாங்கள் ரயிலையே சொல்வோம். பெட்டியைக் கீழ்ப் படுக்கைக்கடியில் கண்முன்னே வைத்துக்கொள்ளலாம். பஸ்ஸில் பெட்டியை டிக்கியில் போடச் சொல்வார்கள், அங்கே இருக்கும் சூடு பாலுக்கு ஆகாது. அதே காரணத்தால், பாலை மட்டும் பஸ் பார்சலில் ஊருக்கு அனுப்பும் யோசனையை மறந்துவிடுங்கள்.

விமானம் நேரத்தை அதிகம் மிச்சப்படுத்தாது. மதுரைக்கோ திருச்சிக்கோ இரண்டு மணி நேரம், நிலையத்தில் ஒன்றரை மணி நேரம், பறக்க ஒரு மணி நேரம். குழந்தை கூட இல்லாமல் பாலை மட்டும் கொண்டுபோனால் சோதனையில் கேள்வி வரலாம். பம்ப்பையும் சேர்த்துக் காட்டி, தாய்ப்பால் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெரும்பாலும் சுலபமாக முடியும். கல்லாக உறைந்த ஐஸ் பேக்கைவிட உருகிய ஜெல் பேக்குக்கு எதிர்ப்பு அதிகம். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்கவேண்டும், செக்-இன் பெட்டியில் போடக்கூடாது.

உறையவைத்துக் கொண்டுவருவது

மூன்று நாள், நான்கு நாள் பயிற்சி என்றால் இந்த எண்ணம் வரும். எங்கள் அபிப்பிராயத்தில் நான்கு வழிகளில் இதுதான் அதிகம் ஏமாற்றும். காரணம் எளிது. தாய்ப்பால் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழேதான் உறைகிறது, ஐஸ் பூஜ்யத்தில் உருகுகிறது. எனவே உறைந்த பால் பையைச் சுற்றிக் கடை ஐஸ் கட்டியைக் கொட்டினால், அந்த ஐஸே பாலை மெல்ல உருக்கிவிடும். பூஜ்யத்துக்கு வெகு கீழே உருகும் உப்புக்கரைசல் பேக்குகள் வேண்டும். அவை உறைய நல்ல ஃப்ரீசர் வேண்டும். இன்னொரு வழியான உலர் பனிக்கட்டி (டிரை ஐஸ்) மைனஸ் 78 டிகிரி. விமானத்தில் ஆளுக்கு 2.5 கிலோ வரைதான், அதற்கும் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். மூடிய காரில் வைத்தால் மூச்சடைப்பு ஆபத்தும் உண்டு. இரண்டு லிட்டர் பாலுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. உறைந்த பாலுக்குள் ஐஸ் துகள் இன்னும் இருந்தால் மறுபடி ஃப்ரீசரில் போடலாம். முழுதாக உருகியிருந்தால் ஃப்ரிட்ஜில் 24 மணி நேரம்தான், திரும்ப உறையவைக்கக் கூடாது. 4 நாள் வரை ஃப்ரிட்ஜ் குளிரே போதும் என்பதால், உறையவைக்காமல் குளிராகவே கொண்டுவருவது பெரும்பாலும் நல்லது.

கொட்டிவிட்டுச் சேமிப்பை நம்புவது

ஐஸ் பேக்கை உறையவைக்க எங்குமே வழியில்லை என்றால் இதைத் தவிர வேறில்லை. கொட்டுவதானாலும் பீய்ச்சுவதை நிறுத்த முடியாது, அது மார்புக்காக. மனம் கேட்காதுதான், செடி மூட்டில் ஊற்றுங்கள். சேமிப்புக்கு இரண்டரை வாரம் முன்பே தொடங்குங்கள். விடியற்காலை முதல் பாலூட்டல் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து 60 மி.லி. எடுத்தால் 18 நாளில் 1,080 மி.லி., ஒன்றரை நாள் பயணத்துக்குச் சரியான அளவு. ஒரு பையில் 60 முதல் 120 மி.லி., முக்கால் பாகம் மட்டும், ஏனென்றால் உறையும்போது விரியும். தேதி எழுதி, தட்டையாகப் படுக்கவைத்து உறையவிடுங்கள். தட்டைப் பை வேகமாக உருகும், இடமும் மிச்சம்.

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல்தட்டு ஃப்ரீசர் மைனஸ் 18-க்குப் போகாது. அதில் இரண்டு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். அந்த வீட்டில் பழைய பையை முதலில் கொடுத்து, புதியதை உள்ளே வைக்கும் சுழற்சி வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிற்கும் நாள் எது என்று பார்த்துவையுங்கள். நிறைந்த ஃப்ரீசரைத் திறக்காமல் விட்டால் ஒரு பகல் தாங்கும். நீங்கள் ஊரில் இல்லாதபோது உருகி மறுபடி உறைந்ததா என்று எப்படித் தெரியும்? எவர்சில்வர் டம்ளரில் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு ரூபாய்க் காசை வைத்து, பால் பைக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். திரும்பி வரும்போது காசு மேலேயே இருந்தால் பிழைத்தது. அடியில் கிடந்தால் அந்தப் பைகளைப் பயன்படுத்தாதீர்கள்.

சிலருடைய பால் உருக்கிய பிறகு சோப்பு வாசனை அடிக்கும். கெட்டதல்ல, பாலிலுள்ள லைப்பேஸ் என்ற நொதி கொழுப்பை உடைப்பதால் வருவது. குழந்தை மறுக்கலாம். முழுச் சேமிப்பையும் உறையவைத்த பிறகு கண்டுபிடிப்பதைவிட, ஒரு பையை ஐந்தாம் நாள் உருக்கிப் பாருங்கள். வாசனை வந்தால், இனி எடுப்பதை ஓரத்தில் சிறு குமிழி கட்டும் வரை மட்டும் சூடாக்கி, உடனே குளிரவைத்துப் பிறகு உறையவையுங்கள்.

வீட்டில் கொடுப்பவர் அப்பத்தாவோ ஆயாவோ, அவருக்கு இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போகவேண்டும். ஃப்ரிட்ஜில் நின்ற தாய்ப்பாலில் ஆடைபோல் கொழுப்பு மேலே பிரிந்து நிற்கும். "பால் திரிஞ்சு போச்சு ஆத்தா" என்று நல்ல பாலைக் கொட்டிவிடுவார்கள். மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பில் வைக்கக் கூடாது, வெதுவெதுப்பான நீர்ப் பாத்திரத்துக்குள் பையை நிறுத்தினால் போதும். சங்கிலோ பாலாடையிலோ புகட்டுகிறவர்கள் பாட்டிலுக்கு மாறத் தேவையில்லை. குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மறுபடி ஃப்ரிட்ஜுக்குப் போகக் கூடாது.

குழந்தையையும் கூட்டிப்போவது

மூன்று இரவுக்கு மேல் என்றால், குழந்தைக்கு ஆறு மாதத்துக்குக் கீழே என்றால், இதையே முதலில் யோசியுங்கள். துணைக்கு வருபவரின் டிக்கெட்டும் பெரிய அறையும் செலவுதான். ஆனால் பகலில் இரண்டு முறை பீய்ச்சினால் போதும், பெட்டி, ஐஸ், சோதனை எல்லாம் மிச்சம். அறை வேலை நடக்கும் இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கவேண்டும். சென்னையின் ஒரு மூலையில் பயிற்சி, இன்னொரு மூலையில் உறவினர் வீடு என்றால் நடுவில் போக்குவரத்திலேயே பால் கட்டிக்கொள்ளும். அந்த நிலையில் உறவினர் வீட்டின் அன்பைவிட விடுதியின் அருகாமை உயர்ந்தது.

கடைசியாக பம்ப்

ஒரு நாளுக்குக் கைப்பம்ப் போதும், விலை குறைவு, சார்ஜ் வேண்டாம். ஐந்து முறை பீய்ச்சும் பயணத்துக்கு இருபக்க மின்பம்ப், ஏனென்றால் இருபது நிமிடத்தில் இரண்டு பக்கமும் முடியும். உள்ளாடைக்குள் வைக்கும் கிண்ண வகை வசதிதான், ஆனால் குனிந்தால் சிந்தும், பலருக்கு முழுதாகக் காலியாகாது. எந்த வகையானாலும் புனலின் அளவு பொருந்த வேண்டும். காம்பு சுவரில் உரசி வலித்தால் சிறியது, காம்பைச் சுற்றிய கருவளையம் அதிகம் உள்ளே இழுபட்டால் பெரியது. பயணத்தில் திடீரென்று இழுவை குறைந்தால் மோட்டாரைச் சந்தேகிக்காதீர்கள், பத்துக்கு எட்டு முறை வாத்து மூக்கு போன்ற சிலிக்கான் வால்வின் நுனி கிழிந்திருக்கும் அல்லது விரிந்திருக்கும். சின்ன பொருள், இரண்டு கூடுதலாகப் பையில் போடுங்கள். வழியில் கழுவத் தண்ணீர் நம்பகமில்லை என்றால், எத்தனை முறை பீய்ச்சுவீர்களோ அத்தனை செட் பாகங்களைச் சுத்தமாகக் கொண்டுபோவதே மேல்.

எல்லாம் கைவிட்டால் கை இருக்கிறது. சோப்பால் கை கழுவி, கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் காம்பிலிருந்து மூன்று சென்டிமீட்டர் தள்ளி எதிரெதிரே வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அழுத்தி, விடுங்கள். தோல் மேல் விரல் வழுக்கக் கூடாது. கொதிநீரில் போட்டெடுத்த அகலவாய் டம்ளரில் பிடிக்கலாம். முதல் இரண்டு நிமிடம் சொட்டுச் சொட்டாக வரும், பிறகு பீறிடும்.

வீடு வந்ததும் முதலில் பெட்டியைத் திறந்து ஐஸ் பேக்கைத் தொட்டுப் பாருங்கள். உள்ளே கெட்டியான துண்டு இன்னும் இருந்தால் பாலை ஃப்ரிட்ஜில் வையுங்கள், மறுநாளே முதலில் அதைக் கொடுங்கள். பேக் முழுக்க நீராகி, கைக்குச் சில்லென்றும் இல்லாவிட்டால் அந்தப் பாலைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்.